செய்தியோடை இணைப்பில் ‘&’ குறி ஏன் பிழை தருகிறது?

உலாவியில் ஒழுங்காகத் திறக்கும் ‘?பக்கம்=2&வகை=5’ போன்ற இணைப்பை ஆர்எஸ்எஸ் ஓடையில் (தளத்தின் புதிய பதிவுகளைப் பட்டியலிட்டுத் தரும் கோப்பில்) இட்டதும் ஓடை முழுவதுமே படிக்க முடியாமல் போவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். முகவரியில் ‘?’ குறிக்குப் பின் வரும் வினவல் பகுதியில் மதிப்புகளைப் பிரிக்கும் அதே ‘&’ குறியை, ஓடை எழுதப்படும் குறிமொழியான எக்ஸ்எம்எல் ஒரு சிறப்புக் குறியீட்டின் தொடக்கமாகக் கொள்வதால், அதற்குரிய தொடர்ச்சி இல்லாதபோது படிக்கும் நிரல் அங்கேயே நின்றுவிடுகிறது; வலைப்பக்கங்களின் குறிமொழியான எச்டிஎம்எல்லைப் போலப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் இயல்பு எக்ஸ்எம்எல்லுக்குக் கிடையாது.

ஆகவே ஓடையில் அதனை ‘&#38;’ என எழுதுங்கள்; ஓடைப் படிப்பான் அதை மீண்டும் ‘&’ ஆக்கிய பின்னரே முகவரி வழங்கிக்குச் (தளத்தை அனுப்பித்தரும் கணினிக்குச்) செல்லும். ஆனால் ஓடையை உருவாக்கும் நிரல் ‘&’ குறியை இப்படி மாற்றுவதை இருமுறை செய்துவிட்டால், எஞ்சி நிற்கும் ‘#’ குறிக்குப் பிந்தைய பகுதி வழங்கிக்கு அனுப்பப்படுவதே இல்லை. பக்கம் திறக்கும், வகை மட்டும் காணாமற்போகும். கண்டுபிடிக்கக் கடினமான பிழை இதுதான். முகவரிகளில் ‘&’ குறியைக் குறிக்கும் ‘%26’ இதற்கு மாற்றாகாது; மதிப்புக்குள்ளேயே ‘&’ வரும்போதுதான் அது பயன்படும்.

1999-இல் வெளிவந்த எச்டிஎம்எல் 4.01 இத்தொல்லையைத் தவிர்க்க, மதிப்புகளைப் பிரிக்க ‘&’ குறிக்குப் பதிலாக ‘;’ குறியையும் ஏற்குமாறு வழங்கிகளுக்குப் பரிந்துரைத்தது. நல்ல யோசனைதான், எனினும் இடையில் பக்கங்களின் படிகளைச் சேமித்துத் தரும் இடைநிலைத் தேக்ககமும் வழங்கியும் ஒரே முகவரியை வெவ்வேறாகப் பிரித்துப் பொருள்கொள்வது பாதுகாப்புக் குறையானதால், 2021-இல் பைத்தான், கோ ஆகிய நிரல்மொழிகள் ‘;’ குறியை இயல்பாக ஏற்பதைக் கைவிட்டன.