தாராளமயத்துக்குப் பின் தொழிலாளர் உரிமை: கேள்வி பதில்

தொழிலாளர் வழக்குகளில் சங்கங்களுக்கு ஆலோசனை கூறிவரும் ஒருவர், பலர் அனுப்பிய கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

கல்லூரி மாணவர்: 1991இல் வந்த பொருளாதாரச் சீர்திருத்தம்தான் தொழிலாளர் சட்டங்களைப் பறித்தது என்கிறார்கள். சரியா?

பாதிதான் சரி. அந்த ஆண்டின் புதிய தொழிற்கொள்கை, தொழில் தொடங்க அரசின் உரிமம் வேண்டும் என்ற முறையைத் தளர்த்தியது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் ஏறத்தாழ அப்படியே நீடித்தது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதிகூடப் பல்லாண்டுகள் தொடரத்தான் செய்தது. ஆனால் ஓய்வுபெற்ற நிரந்தரத் தொழிலாளியின் இடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியும், பயிற்சியாளர் என்ற பெயரில் முழு ஷிப்ட் வேலை பார்ப்பவரும் நிறுத்தப்பட்டதால், சட்டம் தன் இடத்தில் இருக்க, அதன் நிழலில் நிற்கும் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். சட்டத்திருத்தத்தை எதிர்த்துப் போராடிய அளவுக்கு இந்த ஓசையற்ற மாற்றத்தை நம் சங்கங்கள் எதிர்க்கவில்லை என்பது என் கருத்து.

ஒப்பந்தத் தொழிலாளி: ஐந்து ஆண்டுகளாக ஒரே இயந்திரத்தில் வேலை செய்கிறேன். ஒப்பந்ததாரரின் பெயர் மட்டும் மாறுகிறது. பணி நிரந்தரம் கேட்கலாமா, ஐயா?

கேட்கலாம், எதை நிரூபிக்க வேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அரசு ஆணையால் ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்ட பணியில் இருப்பவர்களை முதன்மை நிறுவனமே, அதாவது ஒப்பந்ததாரர் மூலம் வேலை வாங்கும் நிறுவனமே, ஏற்க வேண்டும் என்று ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. 2001இல் இந்திய உருக்கு ஆணைய (செயில்) வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அவ்வாறு தானாகவே பணியில் சேர்த்துக்கொள்ளும் கடமை இல்லை என்று அதை மாற்றியது. ஆனாலும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்று காட்டிவிட்டால், நீங்கள் தொடக்கம் முதலே அந்த நிறுவனத்தின் தொழிலாளிதான்.

ஆகவே உங்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர் யார், விடுப்பை அனுமதிப்பவர் யார், மெமோ தருபவர் யார் என்ற கேள்விகளே வழக்கைத் தீர்மானிக்கும். ஷிப்ட் பட்டியல், நுழைவு அட்டை, நிறுவன மேற்பார்வையாளர் கைபேசியில் அனுப்பிய உத்தரவு ஆகியவற்றை இன்றே பத்திரப்படுத்துங்கள். வருங்கால வைப்புநிதிக் கணக்கின் விவரத்தையும் எடுத்து வையுங்கள். முதலாளி பெயர் மாறினாலும் உங்கள் பணி இடைவெளியின்றித் தொடர்ந்ததை அது மாதவாரியாகக் காட்டும். 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணியாற்றியவரை நிரந்தரமாக்க வேண்டும் என்ற 1981ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தை நாடுவதற்கும், அந்த நிறுவனமே உங்கள் முதலாளி என்பதை முதலில் நிறுவியாக வேண்டும்.

ஆலைத் தொழிலாளி: சங்கத்தைப் பதிவு செய்துவிட்டோம். நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கே வர மறுக்கிறதே?

பதிவு வேறு, பேச்சுவார்த்தைக்கு உரிய சங்கமாக நிர்வாகம் ஏற்கும் அங்கீகாரம் வேறு. சங்கம் அமைப்பது அரசமைப்பின் 19(1)(சி) பிரிவு தரும் உரிமை. அந்தப் பதிவுகூட எளிதில் கிடைப்பதில்லை: திருப்பெரும்புதூர் அருகே சாம்சங் தொழிலாளர்கள் 2024இல் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தும், விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்ற பிறகே 2025 சனவரியில் சங்கம் பதிவானது. அங்கீகாரத்துக்கு மகாராட்டிரத்தில் 1971ஆம் ஆண்டின் தனிச்சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் அத்தகைய சட்டம் இல்லாததால் சங்கத்தின் பலமே அங்கீகாரமாக இருந்துவந்தது. பழைய தொழிலாளர் சட்டங்கள் சிலவற்றை ஒன்றாக்கிய 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பு, பல சங்கங்கள் உள்ள இடத்தில் 51 விழுக்காடு உறுப்பினர்களைக் கொண்ட சங்கத்தைப் பேச்சுவார்த்தைக்கு உரியதாக ஏற்கச் சொல்கிறது. அந்த அளவு எவருக்கும் இல்லையெனில் பேச்சுவார்த்தைக் குழு அமையும். எனவே உறுப்பினர் பதிவேட்டையும் சந்தா ரசீதையும் ஒழுங்காக வைத்திருங்கள்.

அரசு ஊழியர்: வேலைநிறுத்தம் அடிப்படை உரிமைதானே?

இல்லை. 2003இல் தமிழக அரசு ஊழியர் வேலைநிறுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. ஆலைத் தொழிலாளருக்கு அது சட்டம் தரும் உரிமை. ஆனால் முன்பு ரயில், மின்சாரம், குடிநீர் போன்ற பொதுப் பயன்பாட்டுப் பணிகளுக்கு மட்டும் கட்டாயமாயிருந்த முன்னறிவிப்பைப் புதிய தொகுப்பு எல்லாத் தொழிலகங்களுக்கும் விரித்துவிட்டது. நோட்டீசு கொடுத்த 14 நாளுக்குள் வேலைநிறுத்தம் கூடாது. தொழிலாளர் துறை அதிகாரி முன் சமரசப் பேச்சு நடக்கும்போதும் கூடாது. பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே.

சங்க நிர்வாகி: இவ்வளவு தடைகளுக்குப் பிறகு எதிர்ப்பால் எதுவும் நடக்குமா, தோழர்?

நடக்கும். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளும் சங்கங்களும் ஒருசேர எதிர்க்கவே, சில நாள்களில் நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளில் திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார்.

ஐம்பது வயதுத் தொழிலாளி: விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி நெருக்குகிறார்கள். போடாவிட்டால் ஆட்குறைப்பு என்கிறார்கள்.

இரண்டும் ஒன்றல்ல. விருப்ப ஓய்வு சட்டத்தின் கண்ணில் ஆட்குறைப்பே ஆகாது. கையெழுத்திட்ட பிறகு நெருக்கடியை நிரூபிப்பது மிகக் கடினம். ஆட்குறைப்பு என்றால் நோட்டீசும், ஓராண்டுப் பணிக்கு 15 நாள் சராசரி ஊதியம் என்ற கணக்கில் இழப்பீடும் தந்தாக வேண்டும். கடைசியில் சேர்ந்தவரை முதலில் அனுப்புவதே பொது விதி. முன் அனுமதி தேவைப்படும் வரம்பைப் புதிய தொகுப்பு 300 பேராக உயர்த்தியிருப்பதால், உங்கள் ஆலையின் ஆள்கணக்கையும் கவனியுங்கள். படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நெருக்குவதைத் தேதியிட்டு எழுதி, நிர்வாகத்துக்கும் தொழிலாளர் அலுவலருக்கும் ஒப்புகை கிடைக்கும் வகையில் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பிவிட்டு, அதன் பிறகு பேசப் போங்கள்.