சிகாகோப் புல்வெளியும் செராங்கூன் முன்வாசலும்

கேள்வி: என் மகள் சிகாகோ அருகே வசிக்கிறாள். வீட்டு முன்னால் இருந்த புல்தரையை எடுத்துவிட்டு, அந்த வட்டாரத்துப் பிரேரிச் செடிகளை, அதாவது அங்குள்ள இயற்கைப் புல்வெளிச் செடிகளை, நட்டிருக்கிறாள். ஊதா எக்கினேசியா, ஆள் உயரப் புல், ஓரத்தில் ஓர் ஓக் கன்று. தண்ணீரே ஊற்றுவதில்லையாம். எனக்கும் விதை அனுப்புகிறேன் என்கிறாள். எங்கள் தரைவீட்டு முன்வாசல் 5 மீட்டருக்கு 4 மீட்டர். நல்ல வெயில் உண்டு. போடலாமா?
— வாசகி, செராங்கூன் கார்டன்ஸ்

பதில்: விதை வேண்டாம் அம்மா, படம் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். அவர் செய்திருப்பது நல்ல காரியம். சிகாகோ இருக்கும் இலினாய்க்குப் ‘பிரேரி மாநிலம்’ என்றே பட்டப்பெயர். அந்த ஆள் உயரப் புல்லின் வேர் இரண்டு, மூன்று மீட்டர் ஆழம் இறங்கும். குழாய்த் தண்ணீரை அது எதிர்பார்க்காததற்குக் காரணம் அதுதான். ஆனால் அந்தச் செடிகளில் பலவற்றின் விதை, பனிக்குளிரில் சில வாரங்கள் கிடந்த பிறகே சரியாக முளைக்கும். சிங்கப்பூரில் அதற்கு உங்கள் குளிர்சாதனப் பெட்டியைத்தான் நம்ப வேண்டும். முளைத்த பின்பும், ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில், குளிர்கால உறக்கமே இல்லாமல் அவை என்ன பாடுபடும்!

மகளிடமிருந்து நீங்கள் வாங்க வேண்டியது, தோட்டம் போடுமுன் அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை: இந்த மண்ணில் தானாக வளர்ந்தது எது?

இதைக் கேட்காமல் செடிக் கடைக்குப் போனால் காகிதப்பூவைத் தூக்கிக் கையில் கொடுப்பார்கள். அது தென் அமெரிக்கச் செடி. நம் சாலைகளில் குடை விரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரமும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். மாறாக, பூவரசும் புன்னையும் புங்கையும் இத்தீவின் கரையோரத்துச் சொந்தக்காரர்கள். சிறுவயதில் பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதியவன் நான். நம் தாத்தாக்கள் கப்பலில் கொண்டுவந்த மரம் அது என்று ஐம்பது வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆனால் உங்கள் 4 மீட்டரில் அவற்றுக்கு இடமில்லை. 5 வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிறதே தெம்புசு, அதற்கும் இல்லை. மாலையில் மணக்கும் பூவுக்கு ஆசைப்பட்டு நட்டால் 30 மீட்டர் போகும். அதைப் பூமலைக்கு, அதாவது தாவரவியல் பூங்காவுக்கு, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வெயில் விழும் இடத்தில் செண்டுடோக் வையுங்கள். ஊதாப் பூ, ஓர் ஆள் உயரம். மகளின் எக்கினேசியாவுக்குப் பக்கத்தில் இதன் படத்தை வைத்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. பழத்தைத் தின்றால் வாயெல்லாம் கறுத்துவிடும். ‘மெலஸ்டோமா’ என்ற தாவரவியல் பெயருக்குப் பொருளே ‘கறுப்பு வாய்’தான். குருவிகளுக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. பக்கத்தில் இங்குள்ள இட்லிப்பூவை வைக்கலாம். தமிழ்நாட்டில் பார்ப்பது சிறிய இலையும் சிவப்புப் பூவும். இங்குள்ளதோ பெரிய இலை, ஆரஞ்சு நிறம். கடையில் ‘இக்சோரா கான்ஜெஸ்டா’ என்று முழுப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வெறும் இக்சோரா என்றால் வேறு எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள்.

சிம்போ ஆயரை மட்டும் யோசித்து நடுங்கள். அகன்ற இலை, பெரிய மஞ்சள் பூ, சிவந்த விதைக்கு வரும் பறவைகள் என்று எல்லாம் அழகுதான். முன்பெல்லாம் அந்த இலையில்தான் உணவுப் பண்டங்களைக் கட்டிக் கொடுப்பார்கள். நான் அதை வேலியோரம் நட்டேன். கத்தரிக்கோலை எடுக்கச் சோம்பல்பட்டேன். வேலியும் மறைந்தது, சாக்கடையும் மறைந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அரிவாளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போராடினேன்.

கேள்வி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் மூன்று தொட்டி வைக்கலாம். வண்ணத்துப்பூச்சி வருமா?
— வாசகர், ஈசூன்

பதில்: தேனுக்குப் பூ வைத்தால் வந்துவிட்டுப் போகும். புழுவுக்கு இலை வைத்தால் அங்கேயே குடும்பம் நடத்தும். 2015இல் பொதுமக்கள் வாக்களித்து தேசிய வண்ணத்துப்பூச்சியாகத் தேர்ந்தெடுத்த காமன் ரோஸ், அரிஸ்டலோக்கியா அக்யுமினாட்டா என்னும் கொடியில் முட்டையிடும். நம் ஈஸ்வரமூலிக்கு அது நெருங்கிய சொந்தம். அதற்காகக் கஷாயம் வைக்கத் தோன்றினால் தயவுசெய்து வேண்டாம். அதிலுள்ள நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும். புழு இலையை மொட்டையடித்தால் மருந்து தெளிக்காதீர்கள், அதற்குத்தானே நட்டீர்கள்! தொட்டிகள் போக 1.2 மீட்டர் வழி விடுங்கள். அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் வண்ணத்துப்பூச்சிக்கு முன்னால் கொசு வந்துவிடும்.

கேள்வி: எங்கள் தெரு மரக்கிளைகளில் திடீரென்று ஒரு காலை எங்கும் வெள்ளைப் பூ. மறுநாள் ஒன்றுமே இல்லை. கனவா?
— வாசகி, தியோங் பாரு

பதில்: புறா ஆர்க்கிட். மரத்தின் மேல் ஒட்டி வாழும் இவ்வூர்ச் செடி. பலத்த மழையில் வெப்பம் சட்டென்று இறங்கினால், ஏறக்குறைய 9 நாள் கழித்து அந்த வட்டாரம் முழுவதும் ஒரே நாளில் பூக்கும். அடுத்த பெருமழையன்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஒன்பதாம் நாள் காலை சீக்கிரம் எழுந்து, மூக்கோடு போங்கள். நல்ல மணம்.