ஆங்கிலக் கேள்வி வாக்கியத்தைக் குழு விளையாட்டாக நடத்துவது எப்படி?

மன்னார்குடிப் பக்கம் ஏழாம் வகுப்பு, 40 பிள்ளைகள், இறந்தகாலக் கேள்வி வாக்கியம் பிடிபடவில்லை என்கிறீர்கள். ஐந்து பேர் கொண்ட எட்டுக் குழுக்களாகப் பிரியுங்கள். குழுவுக்கு ஐந்து அட்டைகள்: ‘தே’, ‘வென்ட்’, ‘டு கும்பகோணம்’, ‘டிட்’, கேள்விக்குறி. பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம் போதும். எழுத்து கடைசி பெஞ்சுக்குத் தெரிய வேண்டும்.

முதலில் மூன்று பேர் வரிசையாக நின்று வாக்கியத்தைச் சொல்லட்டும். நீங்கள் கைதட்டியதும் ‘டிட்’ முன்னால் வர, கேள்விக்குறி கடைசியில் நிற்கும்.

சறுக்குவது இங்கேதான்: ‘டிட் தே வென்ட்’ என்பார்கள். தமிழில் ‘போனார்களா’ என்று வினையிலேயே காலம் நிற்கிறது, அந்தப் பழக்கம். அதனால் ‘வென்ட்’ அட்டையின் பின்புறம் ‘கோ’ என்று எழுதிவையுங்கள். ‘டிட்’ வந்து நின்றதும் அந்தப் பிள்ளை அட்டையைத் திருப்பியாக வேண்டும். இறந்தகாலத்தை ‘டிட்’ வாங்கிக்கொண்டது கண்ணுக்கே தெரியும். விளையாட்டின் உயிரே இந்தத் திருப்பல்தான்.

வரிசைக்கு ஒரு மதிப்பெண், திருப்பலுக்கு இரண்டு. வேகத்துக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றே எல்லோரையும் இழுத்து நிறுத்திவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அட்டைகளைக் கைமாற்றுங்கள். ‘வாஸ்’, ‘வேர்’ வரும் வாக்கியங்களுக்கு ‘டிட்’ வேண்டாம் என்பதால், அவற்றை முதல் நாளே கலக்க வேண்டாம்.