குரூஸ் கப்பல் ஃபார்மல் நைட்டுக்கு வேட்டி, பட்டுப்புடவை கட்டிட்டு போகலாமா? கோட்டு சூட்டு வாங்கித்தான் ஆகணுமா?

தாராளமா போகலாம். அதுக்குன்னு கோட்டு சூட்டு வாங்கி காசை செலவு பண்ணாதீங்க. ஆனா எந்த வேட்டி, அதை எப்படி கட்டறோம்ங்கறதுல விஷயம் இருக்கு, அதனாலதான் கொஞ்சம் நீளமா எழுதறேன்.

நான் இங்கிலாந்துல இருக்கேன், அப்பா அம்மா சேலத்துல. அவங்க 40வது கல்யாண நாளுக்கு சௌதாம்ப்டன்ல இருந்து நியூயார்க்குக்கு குயின் மேரி 2 கப்பல்ல கூட்டிட்டு போனேன். ஏழு ராத்திரி, நடுவுல கரையே கிடையாது, முழுக்க அட்லாண்டிக் கடல்தான். இதை ஓட்டற கம்பெனி குனார்ட், அவங்க கப்பல்கள்ல டிரஸ் விஷயம் மத்த கப்பல்களை விட கறாரா இருக்கும். ஏழு ராத்திரில ரெண்டு ராத்திரி காலா ஈவினிங், அதாவது நீங்க சொல்ற ஃபார்மல் நைட், அன்னிக்கு ஆம்பளைங்க டக்ஸிடோ (போ டை கட்டற கருப்பு சூட்டு) இல்லன்னா டார்க் சூட்டு டை, பொம்பளைங்க ஈவினிங் கவுன். டிக்கெட் போட்டுக்குடுத்த ஏஜென்ட் "அங்கிளுக்கு ஒரு சூட் எடுத்துடுங்க, இல்லன்னா டைனிங் ரூமுக்குள்ள விடமாட்டாங்க"ன்னு சொல்லிட்டாரு. அப்பா வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு, கடைசி வரைக்கும் ஸ்கூலுக்கே வேட்டி சட்டைலதான் போனாரு. "அந்த ரெண்டு நாள் நான் பஃபேல சாப்பிட்டுக்கறேன்டா, நீயும் அம்மாவும் போயிட்டு வாங்க"ன்னாரு. எனக்கு மனசு கேக்கவே இல்ல, அவங்க கல்யாண நாளுக்குத்தானே இந்த பயணமே.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து டிரஸ் கோடை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் படிச்சேன். ஃபார்மலான தேசிய உடைக்கும் இடம் இருக்குன்னு அதுலயே போட்டிருந்தாங்க. ஏஜென்ட் அதை படிச்சதே இல்லன்னு நினைக்கிறேன். நோபல் பரிசு விழாலயும் இதே ஏற்பாடுதான், ஒயிட் டை (வால் கோட்டு, வெள்ளை போ டை) இல்லன்னா அவங்கவங்க நாட்டு உடை. 2019 டிசம்பர் 10ம் தேதி ஸ்டாக்ஹோம்ல பொருளாதார நிபுணர் அபிஜித் பானர்ஜி ஜரிகை பார்டர் வேட்டி கட்டி மேல கருப்பு பந்த்கலா (கழுத்து மூடுன கோட்டு) போட்டுட்டுத்தான் பரிசு வாங்கினாரு, கூட வாங்குன அவரு மனைவி எஸ்தர் டஃப்லோ பிரான்ஸ்ல பிறந்தவங்க, அவங்க புடவை கட்டியிருந்தாங்க. அந்த ஃபோட்டோவை அப்பாவுக்கு வாட்ஸப்ல அனுப்புனேன், பாத்துட்டு "சரி, வெண்பட்டு ஒண்ணு எடுக்கறேன்"னு மட்டும் பதில் வந்துச்சு.

இதுல முக்கியமான வார்த்தை "ஃபார்மல்". வீட்ல கட்டற நாலு முழம் காட்டன் வேட்டியும் அரைக்கை சட்டையும் அங்க எடுபடாது. உங்க வீட்டு கல்யாணத்துல முகூர்த்தத்துக்கு மணவறை பக்கத்துல எப்படி நிப்பீங்களோ அப்படி போகணும். அப்பா எட்டு முழம் சேலம் வெண்பட்டு, முழுக்கை பட்டு சட்டை, அங்கவஸ்திரம், அவ்ளோதான். பஞ்சகச்சம் கட்டத் தெரிஞ்சா இன்னும் நல்லது, நடக்கறதுக்கும் சௌகரியம். அங்கவஸ்திரத்தை மட்டும் விட்றாதீங்க, அது இல்லாம போனா பாதி உடுத்துன மாதிரி இருக்கும்.

கப்பல்ல சில சிக்கல் இருக்கு, முன்னாடியே தெரிஞ்சுக்கறது நல்லது. கேபின்ல அயர்ன் பாக்ஸ் வெச்சுக்க விடமாட்டாங்க, தீ பயத்துக்காக, பெட்டில எடுத்துட்டு போனாலும் வாங்கி வெச்சுப்பாங்க. குயின் மேரில பயணிகளே துவைச்சு அயர்ன் பண்ணிக்கற ரூம் இருக்கு, ஆனா காலா ஈவினிங் அன்னிக்கு சாயங்காலம் அங்க ஒரே கூட்டம், அதனால காலைலயே போயிடுங்க. எல்லா கப்பல்லயும் அந்த வசதி கிடையாது, அங்கெல்லாம் காசு குடுத்து தேய்க்க குடுக்கணும். பட்டு வேட்டியை மடிக்காம ஒரு அட்டைக்குழாய்ல சுத்தி எடுத்துட்டு போனா மடிப்புக்கோடே விழாது, இது அம்மா பண்ண ஏற்பாடு. இடுப்புக்கு பெல்ட் கட்டாயம், கடல் ஆடும்போது ரெண்டு கையும் கைப்பிடிக்கு வேணும், வேட்டியை பிடிச்சுட்டு நிக்க முடியாது. மாடிப்படி ஏறும்போது நம்ம கை தானா வேட்டியை மடிச்சுக் கட்டப் போகும், அன்னிக்கு ஒரு ராத்திரி அதை அடக்கிக்கோங்க, ஒரு ஓரத்தை லேசா தூக்கிப் பிடிச்சா போதும். புதுச் செருப்பு வழுக்கும், பழகுனதா போடுங்க. புடவை கட்டறவங்க முந்தானைக்கு பின் ரெண்டு கூடவே குத்திக்கோங்க, டெக்குக்கு போனா காத்து அப்படி அடிக்குது.

இப்ப அம்மா கதை. அந்த ரெண்டு காலா ஈவினிங்குக்கும் ஒரு தீம் இருந்துச்சு, முதல் நாள் பிளாக் அண்ட் ஒயிட், ரெண்டாவது ரெட் அண்ட் கோல்ட். முதல் நாள் தீமை சொன்னதும் அம்மா முகமே மாறிடுச்சு. "நல்ல நாளும் அதுவுமா கருப்பு கட்டச் சொல்றியா, வெள்ளைப் புடவைதான் நான் கட்டுவேனா?" இதை இங்க இருக்கற ஃப்ரண்ட்ஸுக்கு விளக்கிச் சொல்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும், ஆனா அம்மாவுக்கு அது வாழ்நாள் பழக்கம், அதை கப்பலுக்காக மாத்தச் சொல்ற உரிமை எனக்கு இல்ல. நல்லவேளை தீம் கட்டாயம் கிடையாது. அன்னிக்கு சந்தன கலர் பட்டு கட்டிக்கிட்டாங்க. அப்பாவோட வெள்ளை வேட்டி தீமுக்கு அப்படியே பொருந்திடுச்சு.

ரெண்டாவது நாளுக்கு அம்மா பெட்டிக்கு அடில இருந்து தன்னோட முகூர்த்தப் புடவையை எடுத்தாங்க. அரக்குச் சிவப்பு, கை அகலத்துக்கு ஜரிகை பார்டர், காஞ்சிபுரம், 40 வருஷத்துக்கு முன்னாடி தாத்தா எடுத்துக்குடுத்தது. கொண்டுவந்ததை எங்ககிட்ட மூச்சே விடல. ரெட் அண்ட் கோல்டுக்குன்னே நெய்த மாதிரி இருந்துச்சு. மாடிப்படி பக்கத்துல கப்பல் ஃபோட்டோகிராஃபர் கேமரா வெச்சு நின்னுட்டு இருந்தாரு, அவரு கேக்கறதுக்கு முன்னாடியே அம்மா அப்பாவை பக்கத்துல இழுத்து நிறுத்திக்கிட்டாங்க.

யாராவது முறைச்சுப் பாப்பாங்களோன்னு பயம் இருந்தா விட்ருங்க. எங்க டேபிளுக்கு பக்கத்து டேபிள்ல ஸ்காட்லாந்துக்காரர் ஒருத்தர், எழுபது வயசுக்கு மேல இருக்கும், கில்ட் (அவங்க ஊர் ஆம்பளைங்க கட்டற மடிப்பு வெச்ச பாவாடை), முன்னாடி தோல் பை, முட்டி வரைக்கும் கம்பளி சாக்ஸ், குட்டை கோட்டுன்னு முழு உடுப்புல வந்திருந்தாரு. அப்பா வேட்டியை பாத்ததும் எழுந்து வந்து கை குடுத்தாரு. 1746ல ஸ்காட்லாந்துல நடந்த ஒரு கலகத்தை அடக்குன கையோட அவங்க மலைப்பகுதி ஆம்பளைங்க கில்ட் போடக்கூடாதுன்னு பிரிட்டிஷ் அரசாங்கம் சட்டம் போட்டதும், 1782ல தான் அதை எடுத்ததும் அவரு சொல்லித்தான் எங்களுக்கு தெரியும். அப்பா சும்மா இருப்பாரா, எங்க ஊர் கதையை கேளுங்கன்னு ஆரம்பிச்சாரு, நான் மொழிபெயர்த்தேன். 2014 ஜூலைல சென்னை சேப்பாக்கத்துல ஒரு கிரிக்கெட் கிளப்ல நடந்த புத்தக வெளியீட்டுக்கு ஹைகோர்ட் நீதிபதி ஹரிபரந்தாமன் வேட்டி கட்டிட்டு போனதுக்கு உள்ள விடல, அது சட்டசபை வரைக்கும் போய் அடுத்த மாசமே வேட்டிக்கு தடை போடறது குத்தம்னு சட்டம் வந்துச்சு, மீறுனா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயிலும் 25,000 ரூபா அபராதமும்னு. ஸ்காட்லாந்துக்காரர் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்துட்டு, "சொந்த ஊர்லயேவா?"ன்னு கேட்டாரு. அப்பா தலையாட்டினாரு. அப்புறம் ரெண்டு பேரும் துணியைப் பத்தி பேச ஆரம்பிச்சுட்டாங்க, கில்ட்டுக்கு மடிப்பு வெச்சு தைக்க எவ்ளோ துணி வேணும், வேட்டிக்கு தையலே கிடையாதான்னு. அவரு அங்கவஸ்திரத்தோட ஜரிகையை விரல்ல தடவிப் பாத்து, கையால நெய்ததான்னு கேட்டாரு. அப்பா எங்க தெரு நெசவுக்காரங்களைப் பத்தி சொன்னாரு. சாப்பாடு ஆறிப்போச்சு.

உங்க கப்பல் எதுன்னு நீங்க சொல்லல. புக் பண்ண கம்பெனியோட டிரஸ் கோட் பக்கத்தை நீங்களே ஒரு தடவை படிங்க, சந்தேகமா இருந்தா உங்க உடையோட ஃபோட்டோவை வெச்சு ஒரு மெயில் போட்டு பதிலை எழுத்துல வாங்கி ஃபோன்ல வெச்சுக்கோங்க. நானும் அப்படித்தான் வெச்சிருந்தேன், வாசல்ல யாரும் கேக்கல.