இரண்டாம் மாடி ஹாலில் ஆறடி மீன்தொட்டி: தளம் தாங்குமா?

கேள்வி: சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் வசிக்கிறோம். ஹாலையும் சாப்பாட்டு இடத்தையும் பிரிக்கும் வகையில், நடுவில் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் மீன்தொட்டி வைக்க விரும்புகிறோம். தொட்டி செய்து தருபவர், ‘கான்கிரீட் தளம்தானே, யானையே நிற்கும்’ என்கிறார். நம்பி வைக்கலாமா? அல்லது பால்கனியில் வைப்பது நல்லதா?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு இடங்களிலும் வைக்க வேண்டாம். அதே ஹாலில், பீமை (தளத்தைத் தாங்கும் கான்கிரீட் உத்திரத்தை) ஒட்டிய சுவரோரத்தில் வைக்க வாய்ப்பிருக்கிறது. அதற்கும் முன்பாகச் சில சோதனைகள் தேவை.

முதலில் எடையைக் கணக்கிடுவோம். உங்கள் தொட்டியின் கொள்ளளவு 24 கன அடி, அதாவது ஏறத்தாழ 680 லிட்டர். மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பி, அடியில் இரண்டு அங்குலம் மணல் போட்டால், தண்ணீரும் மணலும் சேர்ந்து 680 கிலோவை ஒட்டி வரும். 12 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ என்பதால் தொட்டி மட்டும் 120 கிலோவுக்கு மேல் இருக்கும். இரும்பு ஸ்டாண்ட், வடிகட்டி, அலங்காரக் கற்கள் எல்லாவற்றையும் சேர்த்து 900 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நிற்கும் இடமோ 1.1 சதுர மீட்டர்தான்.

குடியிருப்பு அறைகளின் தளத்தை வடிவமைக்கும்போது, ஆட்கள், அறைகலன்கள் போன்றவற்றுக்காகச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ சுமையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலையின் இரண்டாம் பகுதி சொல்கிறது. உங்கள் தொட்டி அது நிற்கும் இடத்தில் ஏறத்தாழ நான்கு மடங்கு சுமையை வைக்கிறது. இதனால் தளம் உடனே விழுந்துவிடும் என்று பொருளில்லை; அந்த 200 கிலோ அறையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஒரே நேரத்தில் பொருந்துவது, நிஜத்தில் எந்த ஹாலும் அப்படி நிரம்புவதில்லை. ஆகவே மொத்த எடையைவிட அது எந்த இடத்தில் இறங்குகிறது என்பதே முக்கியம்.

இரு பக்கமும் பீமில் உட்கார்ந்திருக்கும் 10 அடி அகலத் தளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுமை நடுவில் இருக்கும்போது தளத்தை எவ்வளவு வளைக்கப் பார்க்கிறதோ, அதே சுமை பீமிலிருந்து ஓரடி தூரத்தில் இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும் அளவுக்குத்தான் வளைக்கும். நடு ஹாலை நான் மறுப்பதற்கு இதுவே முதல் காரணம். இரண்டாவது, காலம். விருந்துக்கு வந்த இருபது பேர் இரவில் கிளம்பிவிடுவார்கள். தொட்டியோ ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கும், தொடர்ந்து அழுத்தும் சுமையின் கீழ் கான்கிரீட் மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும். வடிவமைப்பில் ஒன்றரை மடங்கு பாதுகாப்பு இருக்கிறதே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அது கலவையிலும் கம்பி கட்டுவதிலும் நேர்ந்திருக்கக்கூடிய குறைகளுக்காக விடப்பட்ட இடம். அதை மீன்தொட்டிக்குச் செலவழிப்பது சரியல்ல.

சுவரோரம் என்றால் எல்லாச் சுவரும் ஒன்றல்ல. தூண்களும் பீம்களும் தாங்கும் கட்டடங்களில் நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் பல இடங்களில் வெறும் தளத்தின் மேலேயே கட்டப்பட்டிருக்கும். அங்கே தளம் ஏற்கெனவே ஒரு கூடுதல் சுமையைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஆனால் சுவருக்கு நேர் கீழே பீம் ஓடினால் நிலைமை முற்றிலும் வேறு. 9 அடி உயரமுள்ள நாலரை அங்குலச் செங்கல் சுவர், பூச்சோடு சேர்த்து, ஆறடி நீளத்துக்குச் சுமார் 1,300 கிலோ வரும். அதைத் தாங்கக் கட்டிய பீமின் அருகே, அதிலும் தூண் இருக்கும் மூலையில், உங்கள் தொட்டி பெரும்பாலும் சிக்கலின்றி நிற்கும். பீம் எங்கே என்று அறிய, கீழ் வீட்டாரிடம் அனுமதி கேட்டு அவர்கள் ஹாலின் மேற்கூரையைப் பாருங்கள். (கார் நிறுத்துமிடத்துக்கு மேலே முதல் தளத்தில் வசிப்பவர்களுக்கு இந்த வேலை எளிது, அண்ணாந்து பார்த்தாலே எல்லா பீமும் தெரியும்.) அப்போதே பழுப்புக் கறை, கம்பியை ஒட்டி ஓடும் விரிசல், உப்பிய பூச்சு இருக்கிறதா என்றும் கவனியுங்கள். கடலோர ஊர்களில் கம்பி துருப்பிடிப்பது சாதாரணம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பழுதுபார்க்கும்வரை தொட்டி வேண்டாம்.

பால்கனியைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். தரநிலை அதற்குச் சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன் கேட்கிறது என்பதால் அது உறுதியானது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வெளியே நீட்டிய பால்கனிக்கு ஒரு பக்கம் மட்டுமே பிடிமானம். அதைத் தாங்கும் கம்பி தளத்தின் மேற்பகுதியில் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அந்தக் கம்பி கீழே இறங்கிவிட்டால், வெளியிலிருந்து பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அப்படிப்பட்ட பால்கனி முன்னறிவிப்பு தராமலே முறியக்கூடும்.

நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்ட 250 லிட்டர் தொட்டியென்றால், நல்ல நிலையிலுள்ள கான்கிரீட் வீட்டில் சுவரோரம் வைக்க நான் தயங்கமாட்டேன். தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் மாடிக்கு இது பொருந்தாது. உங்களுடையதைப் போல 500 லிட்டரைத் தாண்டினால், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் கட்டட வரைபடத்தைக் காட்டி, தளத்தின் கனம், கம்பியின் விட்டம், இடைவெளி ஆகியவற்றை வைத்துக் கணக்குப் போட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொட்டியின் விலையோடு ஒப்பிட்டால் அவருடைய கட்டணம் பெரிதாக இராது.

வைக்கும் நாளில், ஸ்டாண்டின் கால்கள் டைல்ஸைக் குத்தாதபடி அடியில் முழு நீளத்துக்கும் கனமான பிளைவுட் போடுங்கள். தட்டினால் வெற்றொலி எழுப்பும் டைல்ஸை முன்பே மாற்றிவிடுங்கள். ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த பிறகு பாதிவரை நிரப்பி ஒரு நாள் விட்டு, மீண்டும் மட்டம் பார்த்து, கீழ் வீட்டு மேற்கூரையில் புதிய விரிசல் எதுவும் இல்லையென்று உறுதிசெய்துகொண்டு மீதியை நிரப்புங்கள்.