ஹட்ரியன் பேரரசரின் திவோலி மாளிகை எப்படி அழிந்தது? அங்கே இன்று பார்க்க என்ன இருக்கிறது?

அம்மாளிகை காலத்தால் சிதைந்ததைவிட மனிதக் கைகளால் உரிக்கப்பட்டதே அதிகம் என்பேன். கி.பி. 117இல் ரோமப் பேரரசராக அரியணை ஏறிய ஹட்ரியன், ரோமுக்குக் கிழக்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், முன்பே அங்கிருந்த ஒரு வீட்டையும் உள்ளடக்கிக் கட்டத் தொடங்கி, 138இல் இறக்கும்வரை அதை விரிவாக்கிக்கொண்டே இருந்தார். செங்கற்கள் பலவற்றில் 123ஆம் ஆண்டைக் குறிக்கும் முத்திரை இருப்பதால், கட்டுமானக் காலத்தை ஓரளவு துல்லியமாகக் கணிக்க முடிகிறது.

பேரரசு வீழ்ந்தபின் அவ்விடம் ஒரு கல்குவாரியாகவே மாறியது. பளிங்கைப் பெயர்த்துக் காளவாயில் இட்டுச் சுண்ணாம்பாக நீற்றினர். 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையின் உயர் பதவியினரான கர்தினால் இப்போலிதோ தெஸ்தேவுக்காகக் கட்டடக் கலைஞர் பிர்ரோ லிகோரியோ அங்கே அகழ்ந்தபோது, இடிபாடுகளை அவர் ஆராய்ந்து எழுதிவைத்தார் என்பது உண்மையே. ஆனால், கிடைத்த சிலைகளும் பளிங்கும் கர்தினாலின் புதிய மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தன என்பதும் உண்மை. ஆய்வும் கொள்ளையும் ஒரே கையால் நடந்த காலம் அது!

எஞ்சியவற்றில் பலரும் படமெடுப்பது கனோபஸ் என்னும் 119 மீட்டர் நீளக் குளத்தைத்தான். அதன் கரையில் தூண்களாக நிற்கும் பெண் சிலைகள் வார்ப்பு நகல்களே; மூலச் சிலைகள் வளாகத்து அருங்காட்சியகத்தில் உள்ளன. அகழிக்கு நடுவே தீவுபோல் அமைந்து, மரப்பாலத்தை அகற்றிவிட்டால் எவரும் நெருங்க முடியாதபடி இருந்த வட்ட மாளிகை அதைவிட வியப்பானது.

என் விருப்பம் வேறு. ஓஸ்பிதாலியா எனப்படும் விருந்தினர் பகுதியில் ஒவ்வோர் அறையிலும் மூன்று கட்டில்களுக்கான மாடங்கள் உள்ளன. கறுப்பு வெள்ளைத் தரையில், கட்டில் மறைக்கும் இடத்தில் எளிய கோலமும் கண்ணில் படும் நடுப்பகுதியில் நுணுக்கமான பூவேலையும் செய்து சிக்கனம் பிடித்திருக்கிறார்கள். அடுத்து, பணியாளர்கள் தங்கியதாகக் கருதப்படும் ‘நூறு அறைகள்’ பகுதியையும், வண்டிகள் சென்ற நிலத்தடிப் பாதைகளையும் கவனியுங்கள். ஏறத்தாழ 120 ஹெக்டேர் பரப்பில் விரிந்த அந்த ஆடம்பரம் யாருடைய உழைப்பில் ஓடியது என்பது அங்கேதான் புலப்படும்.

இம்மாளிகையில் கண்டெடுக்கப்பட்ட, சிறு கற்களைப் பதித்துச் செய்த புகழ்பெற்ற புறா மொசைக் ஓவியத்தைத் திவோலியில் தேடாதீர்கள். அதுவும், பாதி மனிதனும் பாதிக் குதிரையுமான சென்டார்களின் கரும்பளிங்குச் சிலைகளும் ரோமின் கபிடோலின் அருங்காட்சியகத்தில் உள்ளன.