இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில் உள்ள மேட்ரன் புனித ஊற்றையும் இடிந்த சிற்றாலயத்தையும் பார்க்க நடந்துபோவது வீண்தானா?

"இடிந்த சுவரும் சேறும்தான் மிச்சம் என்கிறார்களே" என்று கேட்டிருக்கிறீர்கள். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. சில நாள் விடுப்பில், வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்: தாராளமாகப் போங்கள்.

வீண் என்பவர்களில் பாதிப்பேர் சிற்றாலயத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். மோர்வா சாலையிலிருந்து பிரியும் சந்தில் போய், ஒற்றையடிப் பாதையில் நடந்தால் கிளையெல்லாம் துணி கட்டிய மரங்கள் வரும். அங்கேயே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சிற்றாலயம் அதற்கும் அப்பால் இருக்கிறது.

நாங்கள் போனபோது மழை விட்டிருந்தது. முழங்கால் வலியோடு அம்மாவும் வந்தார். கூரையில்லாத, பாசி படர்ந்த கருங்கல் சுவர்கள். சுவரோரம் கல் திண்ணை. கிழக்குக் கோடியில், நடுவே சதுரக் குழி வெட்டிய பலிபீடக் கல். தென்மேற்கு மூலையில் ஒரு கல் தொட்டி. ஓடைநீர் அதற்குள் வந்து வழிந்துகொண்டே இருக்கிறது. அம்மா திண்ணையில் உட்கார்ந்து, அந்த நீரை அள்ளி இரண்டு முழங்காலிலும் தடவிக்கொண்டார்.

மூடநம்பிக்கை என்று சிலர் பாய்ந்து வருவார்கள், தெரியும். வலி தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஜான் டிரெலில் என்பவரின் கதையை அவர்களும் கேட்கட்டும். பதினாறு ஆண்டுகள் கையை ஊன்றியே நகர்ந்தவர், 1640 வாக்கில் இந்த நீரில் குளித்து எழுந்து நடந்தார் என்பது செய்தி. எக்ஸிடர் மறைமாவட்ட ஆயர் ஜோசப் ஹால் அதைத் தாமே விசாரித்ததாக எழுதிவைத்தார். நடக்கத் தொடங்கியவர் இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் அரசர் படையில் சேர்ந்து, 1644இல் லைம் நகரப் போரில் இறந்தார் என்கிறது அக்காலக் குறிப்பு ஒன்று. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்; ஊரார் அந்த நீரை எப்படி மதித்தார்கள் என்பதற்கு இது சாட்சி.

என் மனத்தாங்கல் வேறு. உடுத்திய துணியில் ஒரு கீற்றைக் கிழித்துக் கட்ட வேண்டும், அது மக்க மக்க நோயும் போகும் என்பதுதான் அங்குள்ள வழக்கம். நம் ஊரில் பிள்ளை வரம் வேண்டி மரத்தில் தொட்டில் கட்டுவதைப் போன்ற நேர்த்திக்கடன் அது. இப்போது தொங்குவதோ நைலான் நாடா, பிளாஸ்டிக் பட்டை, முகக்கவசம். ஒரு கிளையில் நைலான் கயிறு மரப்பட்டைக்குள் புதைந்து, அதன் இருபுறமும் மரம் வீங்கியிருந்தது. மக்காத நாடாவைக் கட்டிவிட்டு நோய் தீர வேண்டும் என்றால் எப்படி? அம்மா தன் பருத்திக் கைக்குட்டையின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினார். அதுதான் முறை.

காலணி விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். தண்ணீர் புகாது என்று உறுதிசொல்லி ஒரு கடையில் விற்றார்கள். பாதையில் பாதி தூரம் போவதற்குள் காலுறை நனைந்துவிட்டது. ரசீதோடு திரும்பப் போனால், "சேற்றில் நடந்தால் பொறுப்பேற்க மாட்டோம்" என்றார்கள். மலையேற்றக் காலணியைச் சேற்றில் போடாமல் வேறெங்கே போடுவது? அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை.

முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் இருந்தால் அதையே போட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு ஊன்றுகோல் கட்டாயம் வேண்டும்.